இலையில் தண்ணீர், விறகில் தண்ணீர்: நீலகிரி தேயிலை ஆலைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரியில் பசுந்தேயிலை வாங்கித் தூள் போடும் ஆலை உரிமையாளர்களுக்கும், கூட்டுறவு ஆலைகளின் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

மஞ்சூருக்கு மேலே ஒன்றரை ஏக்கரில் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயி நான். இருபத்தெட்டு வருஷமாக உங்களில் யாராவது ஒருவருக்கு இலை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த மடலில் எந்த ஆலையின் பெயரும் இருக்காது. ஒரு பெயரைப் போட்டால் மற்ற எல்லோரும் ‘நம்மைச் சொல்லவில்லை’ என்று நிம்மதியாகிவிடுவீர்கள். அது வேண்டாம்.

போன ஜூலையில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்று நாளாக விடாத மழை. அன்றைக்கு இலை வண்டியில் நான் ஏற்றியது 64 கிலோ. மாதக் கணக்குச் சீட்டு வந்தபோது அந்தத் தேதிக்கு நேரே தண்ணீர்க் கழிவு 8 கிலோ என்று இருந்தது. மழையில் பறித்த இலையில் தண்ணீர் இருக்கத்தான் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அந்த எட்டு எங்கிருந்து வந்தது? யாரும் அளக்கவில்லை. சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்து, வாயில் வந்த எண்ணைச் சொல்லி, அதையே எழுதிவிட்டார்கள். சரி, நேரில் கேட்டுவிட்டு வரலாம் என்று ஆலைக்கே போனேன்.

மேனேஜர் வரும்வரை பின்பக்கம் ஒதுங்கி நின்றேன். விறகு அடுக்கு அங்கேதான். ஆள் உயரத்துக்கு மேல் கற்பூர மரக் (யூகலிப்டஸ்) கட்டைகள், மேலே ஒரு தகரம்கூடக் கிடையாது. அடியில் கிடந்த கட்டைகளில் பாசி பிடித்திருந்தது. ஒன்றில் காளான் குடை விரித்திருந்தது. அடுப்புக்காரர் கதவைத் திறந்து இரண்டு கட்டைகளை உள்ளே தள்ளினார். அவை எரியவில்லை. வெட்டுமுனையில் வெள்ளையாக நுரை பொங்கியது, சோறு கொதிக்கும்போது மூடியைத் தள்ளிக்கொண்டு வருமே அந்த மாதிரி. கூடவே ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். “கட்டை அழுவுதுங்க” என்றார் அவர். “அழுது முடிச்சாத்தான் எரியும்.”

கழிவு எழுதிய அதே ஆலை. என் இலையில் இருக்கும் தண்ணீருக்கு என்னிடம் எட்டுக் கிலோ கழித்தாயிற்று. விறகில் இருக்கும் தண்ணீரை யார் கணக்கில் கழிக்கிறீர்கள்? இந்த மடலில் நான் கேட்க வந்தது இதுதான்.

இப்போது எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ‘சஸ்டைனபிள்’ பேச்சுதான். டீ பாக்கெட் போடும் பெரிய கம்பெனிகள் கேட்கின்றன, ஏற்றுமதிக்காரர்கள் கேட்கிறார்கள், அதனால் நீங்கள் எங்களைக் கேட்கிறீர்கள். 2013இல் வந்த, இந்தியத் தேயிலைக்கான ‘டிரஸ்டீ’ என்ற சஸ்டைனபிள் சான்றிதழில் என்னையும் சேர்த்தார்கள். தேயிலை வாரியத்தின் பயிர்ப் பாதுகாப்பு விதிகளையும் சொல்லிக் கொடுத்தார்கள். எந்த மருந்தை அடிக்கலாம், அடித்த பிறகு எத்தனை நாள் பறிக்கக் கூடாது, காலி பாட்டிலை எங்கே வைப்பது, எல்லாம். ஒரு நோட்டும் கொடுத்தார்கள். அதில் எழுதுகிறேன். பொய் சொல்லவில்லை, அதனால் எனக்கு நன்மையும் உண்டு. ஓடை ஓரத்தில் களைக்கொல்லி அடிப்பதை விட்டேன். இப்போது களைவெட்டுக் கூலி அதிகம்தான், ஆனால் மழை அடித்தால் மண் முன்பு மாதிரிக் கரைந்து ஓடுவதில்லை. 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியதைப் பார்த்தவர்கள் நாங்கள். இந்தப் பக்கம் மண்ணைப் பிடித்து வைப்பது சான்றிதழுக்காகச் செய்யும் வேலை இல்லை.

ஆக, வயலில் செய்ய வேண்டியதைச் செய்கிறோம். இலை உங்கள் வாசலைத் தாண்டிய பிறகு நடப்பதைப் பற்றி மட்டும் யாரும் எங்களிடம் நோட்டைக் காட்டுவதில்லை.

உங்களுக்குத் தெரியாத கணக்கு இல்லை, இருந்தாலும் ஊர்க்காரர்களும் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். நூறு கிலோ பசுந்தேயிலை போட்டால் தூள் இருபத்திரண்டு, இருபத்துமூன்று கிலோ வரும். மீதி எழுபத்தேழு கிலோவும் தண்ணீர். அதைக் காற்றிலும் சூட்டிலும் விரட்டுவதுதான் ஆலையின் பாதி வேலை. முதலில் தொட்டியில் பரப்பி, அடியிலிருந்து ஃபேன் வைத்து வாட்டுகிறீர்கள். கடைசியில் டிரையரில் ஈரம் மூன்று சதவீதத்துக்கு வரும்வரை காயவைக்கிறீர்கள். ஆலைக்கு வேண்டிய மொத்த எரிசக்தியில் பெரும்பங்கு இந்தச் சூட்டுக்குத்தான் போகிறது. மோட்டார், ஃபேன், விளக்கு எல்லாம் சேர்ந்த கரண்ட் அதற்கு அடுத்துதான். ஒரு கிலோ தூளுக்கு ஒரு கிலோவுக்கு மேல் விறகு வேண்டும். அடுப்பு மோசமாக இருந்தால் இரண்டு கிலோவை நெருங்கும். வருஷத்துக்குப் பத்து லட்சம் கிலோ தூள் போடும் ஆலை என்றால் ஆயிரம் டன்னைத் தாண்டிய விறகு.

இப்போது அந்த விறகைப் பாருங்கள். பச்சையாக வெட்டிய மரத்தில் கிட்டத்தட்டப் பாதி எடை தண்ணீர். டன் கணக்கில் எடை போட்டு வாங்குகிறீர்கள் என்றால், ஒரு டன்னுக்குப் பணம் கொடுத்து ஐந்நூறு கிலோ தண்ணீரையும் சேர்த்து வாங்குகிறீர்கள். அப்புறம் அந்தத் தண்ணீரை ஆவியாக்க அதே விறகின் சூட்டைச் செலவு செய்கிறீர்கள். சூடு இறங்கிப் புகை ஏறுகிறது. டிரையரில் காற்று சரியான சூட்டுக்கு வராமல் தூளின் தரமும் கெடுகிறது. தரம் கெட்ட தூள் குன்னூர் ஏலத்தில் என்ன விலைக்குப் போகும்?

அந்த ஏல விலைதான் சுற்றி வந்து எங்கள் தலையில் விழுகிறது. 2003ஆம் ஆண்டுத் தேயிலை (சந்தைப்படுத்தல்) கட்டுப்பாட்டு ஆணையின்படி, தூள் விற்ற விலையில் இலை போட்டவருக்கு 65 பங்கு, ஆலைக்கு 35 பங்கு. தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் இலை விலை இந்தக் கணக்கில் வருவதுதான். விறகு, கரண்ட், கூலி எல்லாம் உங்கள் 35க்குள் அடங்க வேண்டும். அப்படியானால் விறகை மிச்சம் பிடித்தால் அந்த லாபம் முழுக்க உங்களுக்கு. அதில் எனக்குப் பங்கு வேண்டும் என்று கேட்கவில்லை, தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ‘விறகு விலை ஏறிவிட்டது, கட்டுப்படி ஆகவில்லை’ என்று சொல்லிக்கொண்டு தண்ணீர்க் கழிவில் இரண்டு கிலோ கூட்டிப் போடுகிறீர்களே, அங்கேதான் எங்களுக்கு வலிக்கிறது. பங்கு என்னவோ தாளில் 65தான், ஆனால் சாக்கை எடை போடும்போதே அது குறையத் தொடங்கிவிடுகிறது. 2023இல் ஊர் ஊராக உட்கார்ந்து உண்ணாவிரதம் இருந்தோமே, அப்போது எல்லோரும் கிலோவுக்கு என்ன விலை என்று மட்டும்தான் பேசினோம். எந்தக் கிலோ என்று யாரும் கேட்கவில்லை.

சோலார் பற்றியும் ஒரு வார்த்தை. சில ஆலைகளின் கூரையில் பலகை ஏறியிருக்கிறது, நல்ல விஷயம். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை இங்கே வெயில் பளபளவென்று இருக்கும், ஃபேன் ஓட்டுகிற கரண்டில் நல்ல பங்கு மிச்சமாகும். ஆனால் ஜூலையில் மஞ்சூரில் மதியம் இரண்டு மணிக்கே வண்டிக்கு லைட் போட வேண்டும். அதோடு, சோலார் பலகை தொடுவது கரண்ட் பில்லை மட்டும்தான், விறகு அடுக்கை அது தொடாது. பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துப் போட்டுவிட்டுப் பின்பக்கம் காளான் முளைத்த கட்டையை எரித்தால், அந்தப் படத்தை நாங்கள் எப்படி எடுத்துக்கொள்வது? கூரையைச் சூட்டுக்குப் பயன்படுத்த வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. கூரைத் தகரத்துக்கு அடியில் காற்றை ஓடவிட்டு, வெயிலில் சூடேறிய அந்தக் காற்றை அடுப்புக்கு அனுப்புவது. தென்னிந்தியத் தேயிலை ஆலைகள் சிலவற்றில் 1990களிலேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 15 டிகிரியில் உள்ளே போகும் காற்று 40 டிகிரியில் போனால் அந்த அளவு விறகு மிச்சம்தானே.

புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. பதினைந்து வருஷத்துக்கு முன்பே தேயிலை வாரியமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து, தென்னிந்தியச் சிறு தேயிலை ஆலைகளில் எரிசக்தியை மிச்சம் பிடிக்கக் குன்னூரில் இருந்துகொண்டு ஒரு திட்டம் நடத்தின. விறகைச் சின்னதாகப் பிளந்து போடுவது, வாட்டும் தொட்டிக்குக் கரண்ட் குறைவாக இழுக்கும் ஃபேன் வைப்பது, இப்படிக் கைக்கு எட்டுகிற வேலைகள். அதைச் செய்து பலன் பார்த்த ஆலைக்காரர்கள் உங்களிலேயே இருக்கிறார்கள். மற்றவர்கள் அவர்களைக் கேட்டாலே போதும்.

(இன்னொன்றும் மனதில் ஓடுகிறது. எங்கள் குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று மின்நிலைய வேலை நடந்துகொண்டிருக்கிறது. கரண்ட் மிஞ்சும் நேரத்தில் எமரால்டு, அவலாஞ்சி அணைகளிலிருந்து தண்ணீரை மேலே உள்ள போர்த்திமந்து அணைக்கு ஏற்றி வைத்து, தேவைப்படும் நேரத்தில் கீழே இறக்கி மின்சாரம் எடுப்பது. மாநிலத்துக்கே எங்கள் மலை பேட்டரியாகப் போகிறது. அதே மலையில் மழை நாளில் லைன் போனால் உங்கள் ஆலையில் டீசல் ஜெனரேட்டர் இருமுகிறது. இதற்கு நீங்கள் பொறுப்பில்லை, சும்மா சொன்னேன்.)

நான் கேட்பது பெரிய முதலீடு இல்லை. விறகு அடுக்குக்கு மேலே ஒரு கூரை. பக்கவாட்டில் சுவர் வேண்டாம், காற்று ஓடட்டும். பிளந்து அடுக்கிய கட்டை சில மாதம் நனையாமல் நின்றால் போதும், ஈரம் இருபது சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். கையடக்க ஈரமானி ஒன்று வாங்குங்கள், உங்கள் ஒரு நாள் டீசல் செலவுகூட ஆகாது. விறகு லாரி வந்ததும் கட்டையைப் பிளந்து, உள்பக்கத்தில் அதைக் குத்திப் பாருங்கள். எங்கள் சாக்குக்குள் கை விட்டுப் பார்ப்பதைவிட நாணயமான முறை அது.

இலைக்கும் அதே மாதிரி ஓர் அளவு வையுங்கள். வீட்டு வாஷிங் மெஷினில் துணி பிழியும் டிரம் இருக்கிறதல்லவா, அது ஒன்று போதும். ஒரு கிலோ இலையைத் துணிப்பையில் போட்டு இரண்டு நிமிடம் சுற்றவிட்டு மறுபடி எடை போடுங்கள். எவ்வளவு குறைகிறதோ அதைக் கழியுங்கள். எட்டுக்குப் பதில் பத்து வந்தாலும் வாயைத் திறக்க மாட்டேன், ஆனால் எனக்கு முன்னால் அளந்த பத்தாக இருக்க வேண்டும். வண்டிக்காரர் கையில் அன்றைய சீட்டையும் கொடுத்தனுப்புங்கள். மாதம் முடிந்து வரும் சீட்டைப் பார்த்து என்ன சண்டை போட முடியும்?

அப்புறம், இலை விலை எழுதும் போர்டு. அதில் கீழே இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது, நான் பார்த்தேன். போன மாதம் ஒரு கிலோ தூளுக்கு எத்தனை கிலோ விறகு எரித்தோம், எத்தனை யூனிட் கரண்ட் ஓட்டினோம் என்று எழுதிப் போடுங்கள். உங்கள் வியாபார ரகசியம் எதுவும் இதில் வெளியே போகாது. நான் மருந்தடித்த தேதியை எழுதி உங்களிடம் காட்டுகிறேன் அல்லவா, அதற்குப் பதில் மரியாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ரோட்டில் உள்ள இரண்டு ஆலைகளில் ஒன்று 1.2 என்றும் மற்றது 1.9 என்றும் எழுத வேண்டி வந்தால், இரண்டாவது ஆலையில் அந்த வாரமே தகரம் ஏறிவிடும் என்பது என் கணிப்பு.

விறகு எங்கிருந்து வருகிறது என்பதையும் யோசியுங்கள். எங்கள் பக்கத்து ஆலைக்குச் சில மாதங்களில் கீழ்நாட்டிலிருந்து லாரியில் விறகு ஏறி வருகிறது. டீசலை எரித்து மலை ஏற்றி, இங்கே மழையில் நனைய விடுகிறோம். நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் எங்கள் ஒவ்வொருவர் தோட்டத்திலும் நிற்கிறது. மலைப் பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955இலிருந்தே இருக்கிறது, நினைத்தபோது வெட்ட முடியாது, வெட்டவும் கூடாது. ஆனால் அனுமதி வாங்கிக் கிளை கழிக்கும்போதும், தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவாத்து வருஷத்திலும் எங்களிடம் விறகு மிஞ்சுகிறது. காயவைத்துக் கொடுத்தால் காய்ந்த விறகுக்கு ஏற்ற விலை தருவீர்களா? காட்டில் பரவிக் கிடக்கும் அயல் மரமான சீகையையும் (வாட்டில்) உண்ணிச்செடியையும் எடுக்கும் வேலையை வனத்துறை செய்துவருகிறது. அந்தக் கழிவு முறையாக ஆலைகளுக்கு வர வழி கேட்டு நீங்கள் மனுக் கொடுத்தால், நாங்களும் கையெழுத்துப் போடுகிறோம்.

அன்றைக்கு மேனேஜர் வந்தார், நல்ல மனிதர்தான். எட்டுக் கிலோவை ஐந்தாகத் திருத்திக் கொடுத்தார். அந்த ஐந்தையும் அவர் அளக்கவில்லை.

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை பிடிப்பதற்குள் கூரை போடலாம். உங்களில் யார் முதலில் போடுகிறீர்களோ, தகரமும் கம்பமும் உங்களுடையது. எங்கள் ஊரிலிருந்து பத்துப் பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூலியில்லாமல் வந்து கட்டையை அடுக்கித் தருகிறோம். பேசிவிட்டேன், ஒத்துக்கொண்டார்கள். மத்தியானச் சாப்பாடு மட்டும் உங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
மஞ்சூர்ப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயி