“நில்” என்றால் கேட்காதவர்கள்

தென்னாப்பிரிக்கா, டர்பன் அருகே டொங்காட் ஊரின் தெருக்காவல் குழுவினருக்கும் கோயில் குழுவினருக்கும்,

வணக்கம். 2021 ஜூலைக் கலவரத்தில் கடைகள் எரிந்து, போலீஸ் வராத இரவுகளில் எங்கள் வாசலைக் காத்தவர்கள் நீங்கள். ஃபிளாஸ்க் ஃபிளாஸ்க்காக நானும் தேநீர் போட்டு அனுப்பினேன். அந்த நன்றி மாறவில்லை. ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அந்த வாரம் ஒருநாள் அம்மாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு இருட்டில் நடந்து வந்தான். தடுப்பில் நின்றவர்கள் “நில், யார் நீ?” என்று கத்தியிருக்கிறார்கள். டார்ச் வெளிச்சம் கண்ணில் அடித்ததால் அவர்கள் உதடுகூட அவனுக்குத் தெரியவில்லை. நடந்துகொண்டே இருந்தான். துப்பாக்கியைத் தூக்கிய பிறகுதான் கூட்டத்திலிருந்த ஒரு பையன், “அடேய், இது டீச்சரக்கா தம்பி” என்று ஓடிவந்தான். எந்தத் தெரு, யார் கையில் துப்பாக்கி என்று எழுதப்போவதில்லை. டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸ் ஊரில் மட்டும் அந்த நாட்களில் 36 பேர் செத்தார்கள். அடையாளம் சொல்ல எல்லோருக்கும் ஒரு பையன் கிடைக்கவில்லை.

போர்க்காலத்தில் மாற்றுத்திறனாளிகளைக் காக்க வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 2019 ஜூனில் 2475-ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. அப்போது சபை உறுப்பினராக இருந்த தென்னாப்பிரிக்காவும் கை தூக்கியது. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை நாம் 2007-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டோம். போர், பேரிடர், அவசரநிலை எதுவானாலும் அவர்கள் பாதுகாப்பை உறுதிசெய்ய வேண்டும் என்கிறது அதன் 11-ஆம் பிரிவு. நியூயார்க்கில் தூக்கிய கை நம் தெருமுனைத் தடுப்புவரை வந்துசேரவில்லை.

கலவரம் ஓய்ந்து ஒன்பதே மாதத்தில் வெள்ளம். 2022 ஏப்ரலில் நம் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் நாசமாகி, மாதக்கணக்கில் குழாய் வறண்டது நினைவிருக்கும். லாரி வரும்போது ஓடிப்போய் வரிசையில் நின்றவர்களுக்குத் தண்ணீர் கிடைத்தது. எங்கள் தெருவில் சக்கர நாற்காலியில் இருக்கும் பாட்டியால் லாரிக்குப் பின்னால் ஓட முடியுமா? 25 லிட்டர் டின் என்றால் 25 கிலோ. யாராவது பாவம் பார்த்துக் கொண்டுவந்து வைத்தால் உண்டு. அவர் ஒருநாள் என்னிடம், “குடிக்கிறதைக் குறைச்சுட்டேன், கழிப்பறைக்குத் தண்ணி மிச்சம்” என்றார். அப்புறம் 2024 ஜூனில் சூறாவளி கூரைகளைப் பிடுங்கிப் போனது. அன்றும் வாட்ஸ்அப் குழுவில் வந்ததெல்லாம் குரல் செய்திகள்தான். தம்பி போனை என்னிடம் நீட்டி, என்ன சொல்கிறார்கள் என்று சைகையில் கேட்டான். நான் பக்கத்தில் இல்லாதிருந்தால்?

காவடிக்குப் பெயர் எழுதக் கோயிலில் ஒரு நோட்டு இருக்கிறது. யார் பால்குடம், யார் அன்னதானத்துக்கு எத்தனை மூட்டை அரிசி, எல்லாம் அதில் உண்டு. தெருவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, தானாக வெளியே வர முடியாதவர் யார், மின்சாரம் போனால் யாருடைய ஆக்ஸிஜன் இயந்திரம் நின்றுவிடும் என்றும் எழுதலாமே? அவர்களைக் கேட்டு, சம்மதத்தோடு எழுதுங்கள். தயவுசெய்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள், தனியாக இருப்பவர் யார் என்று திருடனுக்கும் தெரிந்துவிடும். அந்த நோட்டு இரண்டு பேர் கையில் மட்டும் இருக்கட்டும். குரல் செய்தி அனுப்புகிறவர் கீழே இரண்டு வரி தட்டச்சும் செய்யட்டும். தண்ணீர் லாரி வந்தால் முதல் டின் யார் வீட்டுக்கு என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

சைகை மொழி 2023 முதல் நாட்டின் பன்னிரண்டாவது அதிகாரபூர்வ மொழி. அதை முழுதாகக் கற்றுக்கொள்ளச் சொல்லவில்லை. “நில்”, “யார்”, “போகலாம்” என்ற மூன்று சைகைகளையும், டார்ச்சை எதிரில் இருப்பவர் கண்ணில் அடிக்காமல் உங்கள் முகத்தில் அடித்துக்கொள்வதையும் தம்பியே சொல்லித் தருவான். அரைமணி நேரம் போதும். வரத் தயார் என்கிறான். பாட்டியும் வருகிறேன் என்கிறார், அவருக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

அடுத்த கூட்டத்தை மட்டும் மாடி ஹாலில் வைக்காதீர்கள். கீழே, செருப்பு விடும் இடத்திலேயே நாற்காலி போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தமிழ் சொல்லிக்கொடுத்த டீச்சரக்கா