மகளுக்கு: புளூ நோட் வளர்ந்த கதை

அன்புள்ள கயல்விழிக்கு,

நண்பர்களுடன் சேர்ந்து சிறிய இசைத்தட்டு நிறுவனம் தொடங்கப்போவதாக நீ எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். நீ வேலையில் இறங்குவதற்குள், நான் இளவயதிலிருந்து நேசித்துக் கேட்டுவரும் ஜாஸ் தட்டுகளை வெளியிட்ட புளூ நோட் நிறுவனத்தின் கதையை உனக்குச் சொல்லிவிட வேண்டும்.

பெர்லினில் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய ஆல்பிரட் லயன், 1938 டிசம்பரில் கார்னகி அரங்கில் ஆல்பர்ட் அம்மன்ஸ், மீட் லக்ஸ் லூயிஸ் ஆகிய இருவரின் பியானோ வாசிப்பைக் கேட்டு மனம் பறிகொடுத்து, அடுத்த ஜனவரி 6 அன்றே அவர்களை வாசிக்கவைத்து ஒலிப்பதிவு செய்தார். அதற்கான பணத்தைக் கொடுத்து உதவியவர் மேக்ஸ் மார்குலிஸ் என்ற எழுத்தாளர். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த பால்ய நண்பரும் புகைப்படக் கலைஞருமான பிரான்சிஸ் வுல்ஃப் அதே ஆண்டில் லயனுடன் இணைந்தார்.

அவர்களிடம் நான் மிகவும் மதிப்பது, ஒத்திகைக்கும் கலைஞர்களுக்கு ஊதியம் கொடுத்த வழக்கத்தைத்தான். கையில் பணம் குறைவாக இருந்தபோதும் அவர்கள் அதைச் செய்தார்கள். சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1957-இல் பதிவுசெய்த 'புளூ டிரெயின்' தட்டில் உள்ள ஐந்து உருப்படிகளில் நான்கு அவரே புதிதாக இயற்றியவை. ஆயினும் சாக்ஸபோன், டிரம்பெட், டிராம்போன் மூன்றும் பல்லவியை ஒரே மூச்சாக வாசிக்கின்றன. ஒத்திகை இல்லாமல் அந்த ஒருமை கைகூடியிருக்காது என்றே நான் நம்புகிறேன். பகலில் கண் பரிசோதகராக இருந்த ரூடி வான் கெல்டர், நியூஜெர்சியின் ஹேக்கன்சாக்கில் தம் பெற்றோர் வீட்டுக் கூடத்தில் அதைப் பதிவுசெய்தார்.

பியானோ கலைஞர் தெலோனியஸ் மாங்கின் தட்டுகள் விற்கவில்லை. இருந்தும் 1947 முதல் 1952 வரை அவரை விடாமல் பதிவுசெய்தார்கள். இதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பதை நீயே விரைவில் உணர்வாய்.

அவர்களுக்கு நெருக்கடி வெற்றியின் வழியாகவே வந்தது. 1964-இல் வெளியான, டிரம்பெட் கலைஞர் லீ மார்கனின் 'தி சைட்வைண்டர்' எதிர்பாராத அளவுக்கு விற்றதும், விநியோகஸ்தர்கள் அதைப் போலவே இன்னொன்று வேண்டும் என்று நெருக்கத் தொடங்கினார்கள். ஒரு வருடம் கழித்து, 1965-இல், புளூ நோட் லிபர்ட்டி என்ற இன்னொரு இசைத்தட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. 1967-இல் லயன் உடல்நலம் குன்றி ஓய்வுபெற்றார்.

உன் வரவுசெலவுத் திட்டத்தில் ஒத்திகைக்கென எவ்வளவு ஒதுக்கியிருக்கிறாய் என்று அடுத்த கடிதத்தில் எழுது. இன்னும் ஒதுக்கவில்லை என்றால், உறை வடிவமைப்புக்கு நான் அனுப்புவதாகச் சொன்ன தொகையை அதற்கே வைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா