ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகாதே கண்ணு

தண்டையார்பேட்டை,
திங்கள் இரவு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று நீ போனில் சொன்னபோது அம்மா பக்கத்திலேயே இருந்ததால் நான் ஒன்றும் பேசவில்லை. அங்கே சிங்கப்பூரில் லீவு நாளில் தெரிந்தவர் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினால் கையில் காசு வரும், கடன் வட்டியை அடைத்துவிடலாம் என்றாய். வேண்டாம் கண்ணு, போகாதே.

காலையில் பீரோவைத் திறந்து, வேலை பர்மிட்டுக்கு முன்அனுமதி தந்த உன் ஐபிஏ தாளை எடுத்தேன். நீ கிளம்பும் முன் தமிழில் வந்ததே, அதுதான். கல்மண்டபத்தில் ஜெராக்ஸ் எடுக்கப் போனபோது டீ சிந்திய கறை ஓரத்தில் இன்னும் இருக்கிறது. கம்பெனி பெயர், கட்டட வேலை, பேசிக் சம்பளம், பிடித்தம் எல்லாம் வரிசையாகப் போட்டிருக்கிறது. அந்தக் கம்பெனியில் அந்த வேலையைச் செய்ய மட்டும்தான் பர்மிட். வேறு இடத்தில் ஒரு நாள் நின்றாலும் பர்மிட் இல்லாமல் வேலை செய்த கணக்கு. 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 2 வருஷம் வரை ஜெயில், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். அப்புறம் மறுபடி அங்கே வேலைக்கு விடமாட்டார்கள். கடைக்காரரும் மாட்டுவார், ஆனால் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருப்பது நாம்.

நீ பேச்சோடு பேச்சாகச் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை உறுத்துகிறது. போன மாசம் "லெவி" என்று 150 வெள்ளி பிடித்தார்களாமே? லெவி முதலாளி அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய பணம். தொழிலாளியிடம் வாங்கவே கூடாது. உனக்காக அவர்கள் கட்டியிருக்கும் 5,000 வெள்ளி பாண்டும் (பிணைத்தொகை) அப்படித்தான், அதைக் காட்டி யாரும் உன்னை மிரட்ட முடியாது. பே ஸ்லிப்பைக் கேட்டு வாங்கி ஐபிஏ தொகையோடு ஒத்துப் பார். மாசம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் வர வேண்டும், ஓவர்டைம் பணம் 14 நாளுக்குள். ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு. சரியில்லை என்றால் தமிழில் பேசும் ஆள் இருக்கிற தொழிலாளர் மையத்துக்கு முதலில் போ, அங்கிருந்து மனிதவள அமைச்சுக்கு வழி சொல்வார்கள். வேலையில் இருக்கும்போது ஒரு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம், விட்டு வந்துவிட்டால் 6 மாசம்தான்.

பாஸ்போர்ட் உன் பையில்தானே இருக்கிறது? வளைகுடாவுக்கு நான் போன கதையை உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. ஏர்போர்ட்டிலிருந்து கேம்ப்புக்குப் போன அன்று ராத்திரியே ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார்கள், எல்லோரும் வரிசையாகப் போட்டோம். பதினோராவது மாசம் உன் ஆயா போய்ச் சேர்ந்தாள். பாஸ்போர்ட்டைக் கேட்டு ஆபீஸ் வாசலில் தினமும் நின்றேன். அது என் கைக்கு வந்தபோது இங்கே பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. அங்கே சிங்கப்பூரில் முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது குற்றம். பத்திரமாக வைக்கிறோம் என்று சொன்னாலும் கொடுத்துவிடாதே.

கம்பெனி பிடிக்கவில்லை என்றால் வழி இருக்கிறது. பர்மிட் முடிவதற்கு 40 நாளிலிருந்து 21 நாளுக்குள் வேறு கம்பெனி உனக்கு விண்ணப்பித்தால், இப்போதைய முதலாளியின் சம்மதம் தேவையில்லை. உன் பர்மிட் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, அந்த 20 நாளையும் நம் வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். நீயும் குறித்துக்கொள்.

வட்டியை நினைத்துக் கலங்காதே. மணலி கண்டெய்னர் யார்டில் எனக்கு நைட் டூட்டி கிடைத்திருக்கிறது, இந்த மாசத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். பாப்பாவுக்கு ஃபீஸ் கட்டியாகிவிட்டது. வரும் ஞாயிறு நன்றாகத் தூங்கு. எழுந்ததும் பே ஸ்லிப்பை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அப்பா