ஸ்டென்ட் வைத்ததோடு முடியவில்லை, மகன்

திருகோணமலை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம். போனில் கதைத்தால் "சரி அம்மா, பார்ப்பம்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து முழுவதையும் வாசி.

உனக்கு ஹார்ட் அட்டாக் வந்த பிறகு ஆஸ்பத்திரியில் தந்த ரிஹாப் கடிதம், அதுதான் இதயத்தைத் தேற்றுகிற பயிற்சி வகுப்புக்கு வரச் சொல்லும் கடிதம், இன்னும் ஃபிரிட்ஜ் கதவிலேயே கிடக்கிறது என்று மருமகள் சொன்னாள். "அடைப்பு எடுத்தாச்சு, ஸ்டென்ட் வைச்சாச்சு, இனி என்ன" என்று கேட்கிறாயாம். வார்டில் தாதியாகவே என் காலம் போனது, உனக்குத் தெரியும். துண்டு வெட்டி ஆஸ்பத்திரியால் விட்ட அன்றே வருத்தமும் போய்விட்டது என்று நம்பி வீட்டுக்குப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். அந்த வரிசையில் என் பிள்ளை நிற்கக் கூடாது.

ஸ்டென்ட் என்ற அந்தச் சின்னக் கம்பிவலை திறந்துவிட்டது, இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகிற ஒரு குழாயில் ஒரு இடத்தை. அந்த இடத்தை அடைக்க வைத்த கொழுப்பும் பிரஷரும் சிகரெட்டும் மற்றக் குழாய்களிலும் தங்கள் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. அட்டாக் வந்த நேரம் இரத்தம் கிடைக்காமல் செத்த தசை திரும்ப முளைக்காது. ஆறு, எட்டுக் கிழமையில் அந்த இடம் தழும்பாகிவிடும். மிச்சத் தசைதான் இனி முழுப் பாரத்தையும் இழுக்க வேண்டும். அதற்கு உதவி வெளியில் இருந்து வருகிறது, கால் தசைகளில் இருந்து. ஒழுங்காக நடந்து பழகினால் கால் தசை இரத்தத்தில் இருக்கும் ஒட்சிசனைக் கூடுதலாக உறிஞ்சப் பழகுகிறது. அப்போது அதே படியை ஏற இதயம் முன்னளவு அடித்துக்கொள்ளத் தேவையில்லை. குழாய்களின் உட்சுவரும் இளகி விரியப் பழகுகிறது. இந்த வேலையைக் குளிசை தனியே செய்யாது.

நீ லொறி ஓடுகிறவன் என்பதால் இதையும் சொல்கிறேன். லண்டனில் ஜெரமி மொரிஸ் என்ற டொக்டர் பஸ் ஊழியர்களை வைத்து ஆராய்ந்து 1953இல் எழுதினார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்து ஓட்டுகிற டிரைவர்களுக்கு, இரட்டைத்தட்டு பஸ்ஸில் மேலும் கீழும் ஏறி இறங்கிய கண்டக்டர்களைவிட இதய வருத்தம் கூடுதலாக வந்திருந்தது. அதே காலத்தில் ஆஸ்பத்திரிகளில் அட்டாக் வந்தவரை ஆறு கிழமை கட்டிலில் கிடத்திவைத்தார்கள். அசைந்தால் இதயம் வெடித்துவிடும் என்று பயம். பொஸ்டனில் லெவைன், லவுன் என்ற இரண்டு டொக்டர்கள் நோயாளிகளைத் தூக்கி நாற்காலியில் இருத்தி, கால்களைத் தொங்கவிட்டு, அதில் ஆபத்தில்லை என்று 1952இல் காட்டினார்கள். நாற்காலியில் தொடங்கியதுதான் இன்று நடைமெஷினில் வந்து நிற்கிறது.

உன் ஊர்க் கதையும் ஒன்று இருக்கிறது. டொரண்டோவில் டெரன்ஸ் கவனா என்ற டொக்டர், அட்டாக் வந்து தேறிய தன் நோயாளிகள் சிலரைப் பழக்கியெடுத்து 1973இல் பொஸ்டன் மரதன் ஓட வைத்தார். 42 கிலோமீற்றர்! நீ ஓட வேண்டாம். அந்த வகுப்புக்குப் போய்வந்தால் எனக்குக் காணும்.

உப்புவெளி மாமாவை நினைவிருக்கிறதுதானே. அட்டாக் வந்து வீட்டுக்கு வந்த பிறகு அவர் வாசற்படி இறங்கவில்லை. தண்ணீரைக்கூட மாமி கட்டிலுக்குக் கொண்டுபோக வேண்டும். கையை நெஞ்சில் வைத்தபடியே இருப்பார். ஆளை முடக்கிப் போட்டது பயம். பிறகு மகள் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய் ரிஹாப்பில் சேர்த்தாள். ஒருநாள் நானும் கூடப் போனேன். நடக்க முன் பிரஷர் பார்த்தார்கள், நெஞ்சில் வயர் ஒட்டினார்கள், பிறகு மெதுவாக நடைமெஷினில் ஏற்றினார்கள். சுவரில் 6இலிருந்து 20 வரை எண் போட்ட அட்டை ஒன்று. 6 என்றால் ஒரு களைப்பும் இல்லை, 20 என்றால் இனி ஏலவே ஏலாது. ஃபிஸியோப் பிள்ளை இடைக்கிடை "இப்ப எத்தனை ஐயா?" என்று கேட்கும். மாமா "பன்னிரண்டு" என்பார். "அதிலேயே நில்லுங்கோ" என்று சொல்லும். இதயத் துடிப்பைக் குறைக்கிற குளிசை குடிப்பவருக்கு நாடியை மட்டும் எண்ணினால் சரிவராது. எவ்வளவு கடினமாகத் தெரிகிறது என்று அவரே சொல்ல வேண்டும். அதற்குத்தான் அந்த அட்டை.

கடைசியில் நடையைச் சடாரென்று நிறுத்த விடவில்லை. வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இறக்கினார்கள். ஓட்டத்தில் நின்றுவிட்டால் இரத்தம் காலில் தங்கி, தலை சுற்றி விழுத்திவிடும். நீ ஜிம்முக்குப் போய் நீயாகவே செய்யலாம் என்று நினைக்கிறாய் போல. இதையெல்லாம் ஜிம்மில் யார் உனக்குப் பார்ப்பார்கள்?

இப்போது மாமா டச்பே கடற்கரையில் நடக்கிறார். கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயில் வரைக்கும் ஏறுகிறார். போன வெள்ளிக்கிழமை நானும் சேர்ந்து போனேன். மான்கள் படுத்திருக்கும் மரத்தடியில் எனக்குத்தான் மூச்சு வாங்கியது, அவர் கதைத்துக்கொண்டே வந்தார். கதைக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகமாம். அங்கே சொல்லிக் கொடுத்ததை இன்றைக்கும் அப்படியே வைத்திருக்கிறார்.

இன்னொன்று. இரவில் நித்திரை இல்லாமல் எழும்பி இருக்கிறாய், பிள்ளைகளோடு கதைப்பதும் குறைந்துவிட்டது என்று மருமகள் அழுதாள். அவளை ஏசாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். அட்டாக் வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது மனச்சோர்வு பிடிக்கும். அதைச் சும்மா விட்டால் இதயத்துக்கும் கூடாது. எங்கள் ஆட்கள் நெஞ்சு நோவைச் சொல்வார்கள், மனம் நோவதைச் சொல்லமாட்டார்கள். ரிஹாப்பில் அதைக் கேட்பதற்கென்றே ஆட்கள் இருப்பார்கள். உன்னைப் போலவே அட்டாக் வந்த இன்னும் பலர் பக்கத்தில் நடப்பார்கள். மாமாவுக்கு மருந்தைவிட அந்தச் சிநேகிதம்தான் பிடித்தது என்று மாமி சொல்வா.

சாப்பாட்டை அங்கேயே விளக்கமாகச் சொல்லுவார்கள். நான் சொல்வது கொஞ்சம்தான். ஒரு நாளைக்கு உப்பு எல்லாமாக 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். அதனால் இந்த முறை பார்சலில் கருவாடு வராது, கேட்காதே. தேங்காயெண்ணெயில் பொரிப்பதை விடு, சொதிக்குத் தேங்காய்ப்பாலைத் தண்ணியாகச் சேர். சிகரெட்டை அடியோடு விடு. விட்டு ஒரு வருசத்தில் அதனால் கூடிய ஆபத்தில் பாதி இறங்கிவிடும். ஸ்டென்டுக்குத் தந்த குளிசையை டொக்டர் சொல்லாமல் ஒருநாளும் நிறுத்தாதே. நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் உறையலாம்.

அங்கே பனிக்காலம் வருகிறது. பனி தள்ளும் வேலையை மூத்தவனிடம் விடு. குளிரில் குழாய்கள் சுருங்கும், மூச்சைப் பிடித்துக் கையால் தள்ளும்போது பிரஷர் ஏறும், இரண்டும் சேர்ந்தால் இதயத்துக்குத் தாங்காது. எப்போதாவது நெஞ்சு இறுகினால் செய்கிறதை விட்டுவிட்டு உட்கார்ந்திரு, நாக்குக்குக் கீழே அடிக்கிற ஸ்பிரேயை எடு. ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் அம்புலன்ஸைக் கூப்பிடச் சொல். நீயே வாகனம் ஓட்டிப் போகாதே.

பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர்கள், ரிஹாப் போனவர்கள் இதயத்தால் சாவதும், திரும்ப அட்டாக் வருவதும், ஆஸ்பத்திரியில் படுப்பதும் குறைவு என்கிறார்கள். அப்படியிருந்தும் கடிதம் கிடைத்தவர்களில் எத்தனையோ பேர் போவதில்லை. தூரம், வேலை, நேரமில்லை, எல்லாம் உண்மைதான். ஆனால் இது சில இடங்களில் 12 கிழமை, சில இடங்களில் ஆறு மாதம், அவ்வளவுதான். ஷிப்ட் மாற்ற ஏலாதென்றால் அதை அவர்களிடமே சொல். வீட்டில் இருந்து செய்கிற மாதிரி ஒழுங்கு பண்ணித் தருகிற இடங்களும் உண்டு.

திங்கட்கிழமை அந்தக் கடிதத்தில் இருக்கும் நம்பருக்கு எடு. என்றைக்கு வரச் சொல்கிறார்கள் என்று அன்றே எனக்குச் சொல். இங்கே இரவானாலும் பரவாயில்லை, போனைப் பக்கத்தில் வைத்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா