அக்காவுக்கு: ‘இப்படியிருக்க’ என்ற சொல்லைப் பற்றி

அக்கா,

வருகிற ஞாயிறு அப்பாவின் மூன்றாம் வருஷ நினைவு நாள். சபையில் சொல்லிவிட்டேன், போதகர் ஐயரும் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். உனக்குப் போன் செய்தால் எடுக்கமாட்டாய். இங்கே எழுதுவதை மட்டும் படிக்கிறாய் என்று உன் மகன் சொன்னான். அதனால் நாலு பேர் பார்க்கிற இடத்திலேயே எழுதுகிறேன். நம் சொந்தக்காரர்களும் பார்ப்பார்கள். நாம் இருந்த காப்பி எஸ்டேட்டின் பெயரை எழுதப்போவதில்லை.

மூன்று வருஷமாக அந்த 1994 மார்ச் வெள்ளிக்கிழமைதான் திரும்பத் திரும்ப வருகிறது. உனக்கு 14, எனக்கு 11. பழம் பறித்து முடிந்து ஆறு வாரமாகியும் ஒருவருக்கும் கூலி வரவில்லை. அடுப்புப் பக்கத்துச் சுவரில் அம்மா கரிக்கோடு போட்டிருந்தாள், மூட்டைக்கு ஒன்று. நாலு கோடு ஆனதும் ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பாள். ஜெபக்கூட்டம் அன்று நம் லைன் வீட்டில், எஸ்டேட் கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று. பதினைந்து பேர் இருந்திருப்பார்கள், எல்லோருக்கும் அதே பாக்கி.

அப்பா பைபிளில் யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து, வழக்கம்போல ஏழாம் வசனத்தில் தொடங்கினார். ‘இப்படியிருக்க, சகோதரரே, கர்த்தர் வருமளவும் நீடிய பொறுமையாயிருங்கள்.’ பயிரிடுகிறவன் முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருப்பதை அடுத்துச் சொல்லுமே, அதை அப்பா விளக்கும் விதம் எனக்கு இன்றும் பிடிக்கும். அந்தத் தேசத்தில் முன்மாரி விதைப்புக்கு, பின்மாரி கதிர் முற்றுவதற்கு. அதை அப்படியே சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்துவிடுவார். மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழுந்தால் பத்து நாளில் காப்பி பூக்கும், மலையெல்லாம் மல்லிகை வாசம். அடுத்த சில வாரத்தில் இன்னொரு மழை வந்தால்தான் பிஞ்சு நிற்கும். அதுவரை காத்திருக்கிற நமக்கா பொறுமையைச் சொல்லித்தர வேண்டும் என்பார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அம்மாவும் சொன்னாள்.

நீ மட்டும் எழுந்தாய். சிம்னி விளக்கைத் தூக்கிக்கொண்டு போய் அந்தச் சுவருக்கு நேரே பிடித்தாய். “அப்பா, இப்படியிருக்கன்னா எப்படியிருக்க?”

கோடெல்லாம் தெரிந்தது. யாரும் பேசவில்லை. அப்பா வேதத்தை மூடினார்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். எனக்கு நடந்தது உனக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. நீ மறுநாள் ஆபீசுக்குப் போனாய், கூலி வந்தது, அப்பாவின் மேஸ்திரி வேலை போனது, வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். உன்னை மேலே ஹாஸ்டலில் விட்டுவிட்டு நாங்கள் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கினோம். நீ படித்தாய். நான் ஆறாம் வகுப்போடு சேலம் சிவதாபுரத்து வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்க உட்கார்ந்தேன். நீ கேட்டது சரி, அக்கா. ஆனால் அதற்கான விலையை நீ மட்டும் கொடுக்கவில்லை. இதை ஒரு தடவையாவது நீ சொல்வாய் என்று முப்பது வருஷம் எதிர்பார்த்தேன்.

உன் முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு பச்சை ஸ்வெட்டர் அனுப்பினாய். சேலம் வெயிலில் எதற்கு என்று அம்மா கேட்டாள். மலையில் எனக்குக் குளிர் தாங்காது என்பது உனக்கு நினைவிருந்திருக்கிறது. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

அப்பாவையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முதலாளிக்காக அவர் பொறுமையைப் பேசவில்லை. அவருடைய கூலியும்தான் நின்றிருந்தது. பொறுமையும் போய்விட்டால் அந்தப் பதினைந்து பேருக்கும் கையில் எதுவும் மிஞ்சாது என்று பயந்தார். ஆனால் இப்போது அந்த அதிகாரத்தை முதலிலிருந்து படிக்கும்போது, ‘இப்படியிருக்க’ என்ற சொல் முந்தின ஆறு வசனத்தையும் தோளில் சுமந்துகொண்டுதான் வருகிறது. ஐசுவரியவான்களே, அலறி அழுங்கள் என்று ஆரம்பம். வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது, அது சேனைகளுடைய கர்த்தரின் காதில் விழுந்துவிட்டது என்கிறது நாலாம் வசனம். கேட்டுவிட்டார், அதனால் பொறுங்கள் என்றுதான் யாக்கோபு சொல்கிறார். சும்மா இருங்கள் என்று சொல்லவில்லை. அதே அதிகாரத்தில் யோபின் பொறுமையைக் காட்டுகிறார். அந்த யோபு வாயை மூடிக்கொண்டா இருந்தார்? பிறந்த நாளையே சபித்தார், கடவுளிடமே வழக்குப் பேசினார்.

நீ அன்று செய்ததும் ஜெபம்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அதையும் எழுதிவிடுகிறேன். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள் என்றும் அங்கேதான் இருக்கிறது. இப்போது பட்டறை என்னுடையது. வெள்ளி விலை ஏறியபோது கையில் இருந்த பணத்தையெல்லாம் வெள்ளியாக வாங்கிப் போட்டேன். சலங்கை பற்றவைக்கிற இரண்டு பெண்களிடம் ‘கொஞ்சம் பொறுத்துக்கோங்க’ என்றேன். அப்பாவின் குரலிலேயே சொன்னேன். கூலிக்காரனின் கூலி விடியும்வரைகூட உன்னிடம் இருக்கக்கூடாது என்கிறது லேவியராகமம். நான் 43 நாள் வைத்திருந்தேன். உங்கள் பொன்னும் வெள்ளியும் துருப்பிடித்தது என்று யாக்கோபு எழுதுகிறார். வெள்ளி துருப்பிடிக்காது, காற்றிலுள்ள கந்தகம் பட்டுக் கறுக்கும். பெட்டியைத் திறந்தபோது மேலே இருந்த கட்டி விளிம்பெல்லாம் கறுத்துக் கிடந்தது. அன்று மாலையே அதை விற்றுக் கூலியைக் கொடுத்தேன். ஒரு பெண் எண்ணாமலே முந்தானையில் முடிந்துகொண்டாள். இன்னொருத்தி அங்கேயே நின்று இரண்டு தடவை எண்ணினாள். எண்ணட்டும்.

அடக்கத்தன்று நீ வேதம் வாசிக்கிறேன் என்று கேட்டாய். நான் வேறு ஒருவரிடம் கொடுத்தேன். யார் சொல்லி என்று இங்கே எழுத மாட்டேன். யார் சொல்லியிருந்தாலும் முடிவு என்னுடையது. நீ எந்த வசனத்தை எடுப்பாயோ என்று பயந்தேன். அத்தனை பேர் முன்னால் அப்பாவை மறுபடி நிற்கவைத்துவிடுவாயோ என்று. தப்பு செய்துவிட்டேன், அக்கா. டீகூடக் குடிக்காமல் நீ தெருவில் இறங்கிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம். வாசிக்கிறவர் என்ற இடத்தில் ஐயரிடம் உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். யாக்கோபு ஐந்து, ஒன்றாம் வசனத்திலிருந்து. சனிக்கிழமை மதிய பஸ்ஸில் மேலே வருகிறேன். கதவைத் திறக்காவிட்டால் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் வருவேன்.

தம்பி