ரெட் ராக்ஸில் கச்சேரி இல்லாத சில மாலைகள் வேண்டும்

டென்வர் மாநகரின் கலை மற்றும் அரங்குகள் துறையினருக்கு,

வணக்கம். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். டென்வருக்குப் பக்கத்தில் மலைப் பாறைகளுக்கு நடுவே இருக்கும் ரெட் ராக்ஸ் திறந்தவெளி அரங்கில் கோடை மாதங்களில் மாதத்துக்கு நான்கு மாலைகளையாவது கச்சேரி எதுவும் வைக்காமல் விடுங்கள். அன்றைக்கு டிக்கெட் இல்லாமல் யார் வேண்டுமானாலும் வந்து, இருட்டும்வரை உட்கார்ந்துவிட்டுப் போகட்டும். இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. டென்வர் பக்கம் நிறையத் தமிழர்கள் இருக்கிறோம். விருந்தாளி வந்தால் முதலில் அங்கேதான் அழைத்துப் போகிறோம். அவர்களும் இதைப் படித்துவிட்டு உங்களிடம் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

கச்சேரிக்கென்றே கட்டிய இடத்தில் கச்சேரி வேண்டாம் என்பதா என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அது யாருக்காக, யார் பணத்தில், யார் உழைப்பில் கட்டப்பட்டது என்று பார்த்தால் என் கோரிக்கை அவ்வளவு விசித்திரமாகத் தெரியாது.

அந்த இடத்தைத் தனியார் ஒருவர் வைத்திருந்த காலமும் உண்டு. பத்திரிகை அதிபரான ஜான் பிரிஸ்பென் வாக்கர், 1906 முதல் சில ஆண்டுகள் பாறைகளுக்கு நடுவே தற்காலிக மேடை போட்டுக் கச்சேரிகள் நடத்தினார். பக்கத்து மாரிசன் மலைமேல் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச்செல்ல இழுவை ரயிலும் விட்டார். ஆள் பெரிய கனவுக்காரர், ஆனால் கனவுக்கு ஈடாகக் காசு நிற்கவில்லை. 1920களின் இறுதியில் டென்வர் மாநகரம் 54,133 டாலர் கொடுத்து அந்த நிலத்தை வாங்கியது. அன்றிலிருந்து அது ஊர்ச் சொத்து, நகரத்தின் மலைப் பூங்காக்களில் ஒன்று. அரங்கம் வந்தது அதற்கும் பிறகுதான்.

அரங்கம் வந்த கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பூங்காத் துறைப் பொறுப்பில் இருந்த ஜார்ஜ் கிரான்மர் பிடிவாதமாக நின்று நகர நிர்வாகத்தைச் சம்மதிக்க வைத்தார். வரைபடம் கட்டடக் கலைஞர் பர்ன்ஹாம் ஹாய்ட்டுடையது. அவருடைய கெட்டிக்காரத்தனமே, கட்டியது கண்ணில் படாதபடி கட்டியதுதான். இரண்டு பக்கமும் 300 அடிக்கு மேல் எழுந்து நிற்கும் கிரியேஷன் ராக், ஷிப் ராக் என்ற பாறைகளே சுவர்கள். மேடைக்குப் பின்னாலும் பாறைதான். சரிவோடு சரிவாக இருக்கை வரிசைகளை அமைத்தார், ஓரங்களில் ஜூனிபர் செடிகளை விட்டார், அதற்குமேல் அலங்காரம் செய்யவில்லை. ஏறத்தாழ 30 கோடி ஆண்டு வயதுள்ள மணற்பாறைக்கு நடுவே நின்றுகொண்டு தூணும் வளைவும் வைக்க மனம் வராமல் இருந்ததே பெரிய விஷயம். இன்றைக்கு யாராவது கட்டியிருந்தால் கண்ணாடி முகப்பு வைத்திருப்பார்கள்!

1936இல் வேலை தொடங்கியது. பெரும் பொருளாதாரச் சரிவில் வேலையில்லாமல் நின்ற இளைஞர்களுக்காக ரூஸ்வெல்ட் அரசு தொடங்கிய சிசிசி என்ற தொண்டர் படைதான் அதில் பெரும்பகுதியைச் செய்தது. மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும், பையன் கையில் மிஞ்சுவது 5 டாலர். மாரிசனில் முகாம் போட்டுத் தங்கி, பாறைகளை வெடிவைத்து அகற்றி, கல் சுமந்து, கடல்மட்டத்திலிருந்து 6,450 அடி உயரத்தில் கோடையிலும் பனியிலும் வேலை செய்தார்கள். 1941 ஜூன் 15 அன்று அரங்கம் திறக்கப்பட்டது. ஆறு மாதத்தில் அமெரிக்கா உலகப் போரில் இறங்கியது. மறு ஆண்டே சிசிசி படையும் கலைக்கப்பட்டது. அவர்கள் தங்கிய முகாம் இன்னும் நிற்கிறது. 2015இல் ரெட் ராக்ஸுக்குத் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி கிடைத்தபோது அந்த முகாமையும் சேர்த்தே அறிவித்தார்கள். ஆக, கச்சேரிகளுக்காக மட்டும் அந்தப் பெருமை கிடைத்துவிடவில்லை.

கச்சேரிகளின் வரலாறு உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 1964 ஆகஸ்ட் 26 அன்று பீட்டில்ஸ் வந்தபோது டிக்கெட் விலை 6 டாலர் 60 சென்ட். அப்படியும் அரங்கம் நிறையவில்லை. 1983 ஜூன் 5 அன்று மழையிலும் மூடுபனியிலும் யூ2 குழு பாடியதைப் படம் பிடித்துக் காட்டிய பிறகு உலகமே இந்தப் பாறைகளை அடையாளம் கண்டுகொண்டது.

இவை இரண்டுக்கும் நடுவில் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1971 ஜூன் 10, ஜெத்ரோ டல் குழுவின் கச்சேரி. டிக்கெட் கிடைக்காத கூட்டம் உள்ளே வர முயன்றது, போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது, புகை அரங்கத்துக்குள்ளும் பரவியது. அதன் பிறகு மேயர் ரெட் ராக்ஸில் ராக் இசைக்கே தடை போட்டார். மென்மையான பாட்டு என்றால் சரி, ராக் என்றால் கூடாது. கச்சேரி ஏற்பாட்டாளர் பாரி ஃபே வழக்குப் போட்ட பிறகுதான் தடை விலகியது. பொது இடத்தில் யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்று நகரம் தன் விருப்பத்துக்கு முடிவு செய்தது அன்றைக்கு. இன்றைக்கு அந்த முடிவை நிகழ்ச்சி அட்டவணை எடுக்கிறது. சத்தமில்லாமல் நடப்பதால் யாரும் கேட்பதில்லை.

சமீப ஆண்டுகளில் ஆண்டுக்கு 200 நிகழ்ச்சிகளைத் தாண்டிவிட்டீர்கள். குளிர்காலத்தைக் கழித்துவிட்டால் கிட்டத்தட்ட தினமும் கச்சேரி என்று ஆகிறது. நிகழ்ச்சி நாட்களில் மதியத்துக்குப் பிறகு பொதுமக்களுக்கு அரங்கம் கிடையாது. காலையில் வந்து படியேறி உடற்பயிற்சி செய்பவர்களுக்குக் குறையில்லை, அது இன்னும் இலவசம்தான், அதற்கு நன்றி. ஆனால் வேலை முடிந்து மாலையில் வருகிறவர்கள் ஜூலை மாதத்தில் அங்கே சூரியன் சாய்வதைப் பார்க்க வேண்டுமென்றால் டிக்கெட் வாங்கித்தான் ஆக வேண்டும்.

பணம் வேண்டாமா என்பீர்கள். வேண்டும். வாடகை வருகிறது, டிக்கெட் மேல் 10 சதவீத வரி வருகிறது, அதையெல்லாம் விட்டுவிடச் சொல்லவில்லை. 9,500 பேருக்கு மேல் உட்காரும் இடத்தில் ஒரு மாலையை விட்டுக்கொடுத்தால் நஷ்டம் சின்னதில்லை என்றும் தெரியும். 200க்கு மேற்பட்ட நாட்களில் ஒரு பதினைந்தைத்தான் கேட்கிறேன். 1947 முதல் ஈஸ்டர் விடியல் வழிபாட்டுக்கு ஆயிரக்கணக்கானோர் டிக்கெட் இல்லாமல் அங்கே கூடுகிறார்கள். ஆகவே, இலவசமாகத் திறந்துவிட்டால் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது என்ற பதிலை மட்டும் தயவுசெய்து சொல்ல வேண்டாம்.

அப்புறம், இதோடு சேர்த்து இன்னொன்று. 2023 ஜூன் 21 அன்று பாடகர் லூயி டாம்லின்சன் கச்சேரிக்கு வந்தவர்கள் மேல் ஆலங்கட்டி மழை கொட்டி 80க்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள், ஏழு பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். கூரை போடச் சொன்னால் ஹாய்ட்டின் ஆவி மன்னிக்காது. ஆனால் மேல்வரிசையிலிருந்து கார் நிறுத்துமிடம் வரை நடந்து பார்த்தால், ஓடி ஒதுங்க இடம் எவ்வளவு குறைவு என்று புரியும். இதற்கு நீங்கள் வகுத்திருக்கும் திட்டத்தை டிக்கெட்டோடு சேர்த்தே எல்லோருக்கும் அனுப்புங்கள்.

அடுத்த கோடைக்கான தேதிகளை ஏற்பாட்டாளர்களுக்கு ஒதுக்கத் தொடங்கும் முன்பே, பொதுமக்களுக்கான மாலைகளை முதலில் குறித்துவையுங்கள். மிச்சம் விழும் மழைக்கால செவ்வாய்க்கிழமைகளை எங்களுக்குத் தள்ளிவிட வேண்டாம். ஜூனில் ஒரு சனிக்கிழமையாவது அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
டென்வர்வாழ் தமிழர் ஒருவர்