கார் சீட்டுக்கு மாறிய ஷூ கம்பெனி

சத்துவாச்சாரி,
ஞாயிறு காலை

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதமும் அந்த ஷூ கம்பெனியின் ஆண்டறிக்கையும் வந்து சேர்ந்தன. மூட்டுவலி தேவலாம் என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம். இங்கே வேலூர் வெயிலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேரன் வந்திருக்கிறான். இலவம்பாடி முள்ளு கத்திரிக்காயைத் தட்டில் ஓரங்கட்டுகிறான். என்ன பிள்ளைகளோ!

42 ரூபாய்க்கு வாங்கிய பங்கு 11-ல் நிற்கிறது, இன்னும் கொஞ்சம் வாங்கிப் போட்டால் சராசரி விலை இறங்கும் என்கிறாய். ஷூவுக்கு மேல்தோல் தைத்த கம்பெனி கார் சீட் உறைக்கு மாறுகிறது, பக்கத்துப் பனப்பாக்கத்தில் 9,000 கோடியில் டாடா கார் ஆலை வேறு, இனி ஏறாமல் எங்கே போகும் என்பது உன் வாதம். 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியபோதே எங்கள் தெரு டீக்கடையில் இந்தக் கணக்கைப் போட்டு முடித்துவிட்டார்கள்.

மாறுவதில் தப்பில்லை. 30 வருஷம் தோல் பதனிடும் ஷாப்பில் கணக்கு எழுதியவன் சொல்கிறேன். அவர்களுக்குத் தோல் தெரியும், தையல் தெரியும், கை பழகிய ஆட்கள் இருக்கிறார்கள். சாஃப்ட்வேர் எழுதப் போகிறோம் என்று கிளம்பியிருந்தால் அறிக்கையைப் பிரித்தே இருக்க மாட்டேன். விப்ரோவும் 1945-ல் வனஸ்பதியில் ஆரம்பித்ததுதானே என்பாய். அவர்கள் கம்ப்யூட்டருக்குப் போனபோது பழைய வியாபாரமும் ஓடிக்கொண்டிருந்தது, மச்சான். இங்கே பழையது படுத்துவிட்டது. கார்க்காரர்கள் சாம்பிள் பார்த்து, சோதித்து, முதல் ஆர்டர் கொடுப்பதற்குள் வருஷம் ஓடிவிடும். அதுவரை கூலிக்கும் வட்டிக்கும் என்ன செய்வார்கள்? வழி சரி, கட்டுச்சோறு போதுமா என்பதுதான் என் சந்தேகம்.

நீ லாப நஷ்டப் பக்கத்தை மடித்து வைத்திருந்தாய். அந்த லாபம் இடம் விற்ற காசு. ‘இதர வருமானம்’ என்ற வரியைப் பார். நான் நேரே தணிக்கையாளர் அறிக்கையின் இணைப்புக்குப் போனேன். பி.எஃப். என்கிற தொழிலாளர் சேமநிதி, வரி எதுவும் 6 மாதத்துக்கு மேல் கட்டாமல் நின்றால் அவர் அங்கே எழுதியாக வேண்டும். எழுதியிருக்கிறார், பி.எஃப். நிற்கிறது. பணமுடை வந்தால் ஷாப்பில் முதலில் தள்ளிப்போவது அதுதான். நானே சலானை எழுதி டிராயரில் வைத்துக்கொண்டு முதலாளி முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். அப்புறம் வர வேண்டிய பாக்கி. 2021-22-லிருந்து அதை வயதுவாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். 3 வருஷத்துக்கு மேல் என்ற கட்டத்தில் கொழுத்த தொகை இருக்கிறது, வாராக்கடனுக்கென்று ஒரு பைசா ஒதுக்கவில்லை. அந்தப் பணம் வராது.

போன வாரம் ராணிப்பேட்டை போனபோது கம்பெனி வாசலில் பஸ் நின்றது. கேட்டுக்குள்ளே புது மெஷின் வந்த மரப்பெட்டி, ஆணிகூடப் பிடுங்கவில்லை. வாட்ச்மேன் அதன்மேல் உட்கார்ந்து டீ ஆற்றிக்கொண்டிருந்தார். மெஷின் வந்திருக்கிறதே என்று நீ சந்தோஷப்படுவாய். எனக்குப் பெட்டிதான் கண்ணில் பட்டது.

ஒரே ஒரு நல்ல அறிகுறி, முதலாளி குடும்பம் 16 ரூபாய் விலையில் வாரண்ட், அதாவது பின்னால் அந்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமை, எடுத்திருக்கிறது. கால்பங்கு, அதாவது 4 ரூபாய், முன்பணமாகக் கட்டியாயிற்று. மீதி 12-ஐ 18 மாதத்துக்குள் கட்டாவிட்டால் அந்த 4 போய்விடும். கெடு வரும் பொங்கலோடு முடிகிறது. சந்தையில் 11-க்குக் கிடைக்கும்போது அவர்கள் 12 கட்டினால், அந்தப் பணம் கம்பெனிக்குள் போகும், நம்பிக்கையும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 4 போனால் போகட்டும் என்று விட்டுவிட்டால், உள்ளே இருப்பவர்களுக்கே நம்பிக்கை இல்லாத இடத்தில் உன் பென்ஷன் பணத்துக்கு என்ன வேலை?

பொங்கல் வரை இருப்பதை வைத்திரு, புதிதாக ஒன்றும் போடாதே. அவர்கள் கட்டிய பிறகு 14 கொடுத்து வாங்க நேர்ந்தாலும் பரவாயில்லை, 3 ரூபாய் தண்டம் என்று வைத்துக்கொள். கட்டாவிட்டால் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடு. 42-ஐ மறந்துவிடு, அந்த விலை உனக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி வருவாய்தானே? அறிக்கையை அப்போது தருகிறேன். பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
உன் ஊரிசு கல்லூரி பெஞ்சுக்காரன்